முக்கால் ரூபாய்: இருண்ட முடிவுள்ள கதைகளும் அவற்றின் காலமும்

ஒரு வாசிப்பில் எழுந்த கேள்வி

சங்ககிரிக் கோட்டை மலை ஜன்னலை நிறைத்து நிற்கும் ஒரு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய சிறுகதைகளை உரக்க வாசித்து, பின்பு அவற்றைப் பற்றி விவாதிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். வருகிறவர்களில் லாரி ஓட்டுகிறவர் உண்டு. விசைத்தறியில் முப்பது வருஷம் நின்று கால் வீங்கிய அம்மாள் ஒருவர் உண்டு. சேலத்துக் கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போய்வரும் பிள்ளைகள் இருவர் உண்டு. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ வாசிக்கப்பட்டது. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கக் காசில்லாத அம்மாளு என்னும் மில் கூலிக்காரி, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், இருட்டில், வெகுநாளாகத் தன்மேல் கண் வைத்திருந்த ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதித்துத் திரும்புகிறாள் என்ற இடத்துக்கு வந்ததும், கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டான்.

“ஏனுங்க சார், முக்கா ரூவாய்க்கா?”

அவன் சிரிப்பில் துஷ்டத்தனம் எதுவும் இல்லை. 1957 ஏப்ரல் 1 முதல் அணாக் கணக்கு ஒழிந்து பைசாக் கணக்கு வந்தது. 2011 ஜூன் மாதத்தோடு நாலணா நாணயமும் செல்லாமற்போயிற்று. ஆகவே முக்கால் ரூபாய் என்ற தொகையை நாணயமாக எண்ணிக் கொடுப்பதே இன்று அசாத்தியம். கதையின் முடிவு அவனையும் திடுக்கிட வைத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆசிரியர் குறிவைத்த இடத்தில் அந்த அடி விழவில்லை. விலை அற்பம் என்பதுதான் கதையின் திருப்பம் என்று அவன் எடுத்துக்கொண்டான். தறிக்கார அம்மாளோ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பன்னிரண்டணா என்றால் தம்முடைய தாயார் காலத்தில் மடி நிறையச் சாமான் வரும் என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து இன்னொரு கேள்வி கேட்டார்.

“ஆமாங்க, பாலு எங்கிருந்து வந்துச்சுன்னு அவ புருசன் கேக்க மாட்டானாங்க?”

ஒரே கதை, ஒரே அறை, இரண்டு அதிர்ச்சிகள். இந்தக் கட்டுரை அந்த வேற்றுமையைப் பற்றியது. எதிர்பாராத இருண்ட முடிவைக் கொண்ட சிறுகதைகளில் சமூகமும் சரித்திரமும் வெறும் பின்னணித் திரைகளா, அல்லது அதிர்ச்சி என்ற பொருளே அவற்றால்தான் ஆகியிருக்கிறதா என்பதே இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல கதைகளில் ஆசிரியர் நம்மிடமிருந்து எதையும் ஒளித்து வைப்பதில்லை, ஊரே அறிந்து, ஊரே வாய் திறக்காமல் விட்ட ஒன்றை அவர் கடைசி வரியில் போட்டு உடைக்கிறார். அந்த ஊரும் அந்த மௌனமும் இன்னவை என்று தெரியாத வாசகனுக்கு முடிவு ஒரு விடுகதையின் விடையாக மட்டுமே மிஞ்சும்.

இதுவரை சொல்லப்பட்டவை

எதிர்பாரா முடிவு என்றவுடன் நம்மவர்களுக்கு ஓ. ஹென்றியின் பெயர் நாவில் வருவது இயல்பு. சிறுகதை முழுவதும் ஒரே விளைவை நோக்கிச் செல்ல வேண்டும் என்று எட்கார் ஆலன் போ 1842-இல் ஹாதார்னின் கதைகளைப் பற்றி எழுதிய மதிப்புரையில் வற்புறுத்தினார், மாப்பசானின் பிரசித்தி பெற்ற கழுத்தணிக் கதை 1884-இல் ஒரு பாரிஸ் நாளிதழில் வெளிவந்தது, ஓ. ஹென்றி நியூயார்க் பத்திரிகையொன்றுக்கு வாரம் ஒரு கதை கொடுத்து வந்தார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கடைசி வரியில் கதையைப் புரட்டும் உத்திக்கும், அச்சுக் காகிதத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தின் அளவுக்கும், காலைக் காப்பியோடு படித்துவிட்டு மாலையில் மறந்துபோகக் கூடிய வாசகனை எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டிய அவசியத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்பது விளங்கும். உத்தியின் பிறப்பிலேயே சந்தையின் வாசனை இருக்கிறது. நம் வாரப் பத்திரிகைகளும், பிற்பாடு ஒரு பக்கக் கதைகளும் இந்த உத்தியைப் படுத்திய பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. பேய் என்று பயந்தது பக்கத்து வீட்டுப் பூனை என்று முடியும் கதைகளை எல்லோரும் படித்திருக்கிறோம்.

தமிழ் விமரிசனத்தில் இதைக் குறித்து இரண்டு போக்குகள் உண்டு. 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் சி. சு. செல்லப்பா முதலியோர் உருவத்தையும் உத்தியையும் நுணுகிப் பார்த்தனர். கதையின் தொடக்கம், நடை, முடிவு ஆகியவை எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்பது அவர்களுடைய அக்கறை. கா. சிவத்தம்பி 1967-இல் வெளியிட்ட ‘தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்ற நூலில் அந்த வடிவத்தின் வரலாற்றைச் சமூக மாற்றங்களோடு இணைத்து ஆராய்ந்தார். இரண்டும் பெருமதிப்புக்கு உரியவை. எனினும் முடிவு என்பதை முன்னவர்கள் கட்டுமான விஷயமாகவும், பின்னவர்கள் சமூகச் செய்தியின் கொள்கலமாகவும் பார்த்ததால், ஒரே ஆற்றின் இரு கரைகளில் நின்று பேசியதாகவே எனக்குத் தோன்றுகிறது. நடு ஆற்றில் இறங்கிப் பார்க்க, இரண்டு கதைகளைச் சற்று விஸ்தாரமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்பத்நாட் முறிந்த பிறகு

வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை எது என்ற ஓயாத வழக்கில் அது ஒரு வாதி. அதற்கு முன்பே தாகூர் ஒரு படித்துறையைப் பேசவைத்து எழுதிய கதையின் சாயல் அதில் உண்டென்பது இன்னொரு வழக்கு. இவ்விரண்டிலும் எனக்கு இப்போது அக்கறை இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ருக்மிணியின் தகப்பனார் காமேசுவரையர் செல்வந்தர். ஆர்பத்நாட் கம்பெனி என்ற பாங்கி முறிந்ததும் அவருடைய பணம் போகிறது. பணம் போனதும் சம்பந்தி வீட்டாரின் முகம் மாறுகிறது. சாந்தி கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்ணைப் பிறந்தகத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளை நாகராஜனுக்கு வேறு பணக்கார இடத்தில் இரண்டாந்தாரமாகப் பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் அதற்கு இசைந்ததுபோல நடிக்கிறான். கடைசி நேரத்தில் மறுத்துப் பெற்றோரின் பேராசைக்குப் புத்தி கற்பிக்க வேண்டுமென்பது அவன் அந்தரங்கத் திட்டம். அதை அவன் சிநேகிதனிடம் சொல்வதை அரசமரம் கேட்கிறது. மரத்தின் வாய்வழியாக வாசகரும் கேட்கிறார். கேட்காதவள் ருக்மிணி ஒருத்திதான். ஆனந்தமாக முடியப்போகிறது என்று நாம் காத்திருக்கும் திருப்பத்துக்கு முன்னால், அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

இதில் வாசகரிடமிருந்து மறைக்கப்பட்டது என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் அடி விழுகிறது. காரணத்தைக் கதைக்கு வெளியே போய்த் தேட வேண்டியிருக்கிறது. சென்னை ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கதவடைத்தது. உத்தியோகஸ்தர், மிராசுதார், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள் எனச் சேமிப்பு வைத்திருந்த ஒரு வர்க்கமே ஒரே நாளில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டது. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த வீழ்ச்சியின் அதிர்விலிருந்துதான் மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 1915-இல் இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு அந்தக் கம்பெனியின் பெயர் வெறும் பெயர்ச்சொல் அன்று. தம் வீட்டிலோ எதிர்வீட்டிலோ நின்றுபோன ஒரு கல்யாணம், விற்றுப்போன ஒரு நிலம். ஐயர் அதை விளக்காமல் ஒரு சொல்லில் கடந்துபோக முடிந்ததற்கு அதுவே காரணம்.

அதைவிட முக்கியமானது நாகராஜனின் விளையாட்டு. அந்த விளையாட்டு ஏன் நம்பும்படியாக இருந்தது? முதல் மனைவி உயிரோடிருக்க, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லாதிருக்க, இன்னொருத்தியை மணப்பது அன்று சட்டத்துக்கும் விரோதமில்லை, ஊருக்கும் அதிசயமில்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களிடையே இருதாரத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இல்தான் வந்தது. நாடு தழுவிய இந்துத் திருமணச் சட்டம் 1955-இல். இன்றைய பெண்ணொருத்தி ருக்மிணியின் இடத்தில் இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கோ வக்கீலிடமோ போயிருக்கலாம் என்று வாசகி நினைப்பாள். நினைத்த அந்தக் கணத்தில் ருக்மிணி அவசரக்காரியாகவோ அப்பாவியாகவோ சிறுத்துப்போகிறாள். வழக்கம் அறிந்த வாசகிக்கோ அவள் கண்ட முடிவு பிழையான அனுமானமே அன்று. அவள் கண்முன் இருந்த சான்றுகள் அத்தனையும் அப்படித்தான் சொல்லின. அவற்றைப் பொய்யாக்கியது நாகராஜனின் நல்ல மனம் என்ற, அவளுக்குப் புலப்படாத ஒரே ஒரு விதிவிலக்குத்தான்.

இங்கே ஆசிரியரோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. விளையாட்டாகக்கூடப் பெண்களின் மனம் நோக நடக்காதீர்கள் என்ற உபதேசத்தோடு அரசமரம் கதையை முடிக்கிறது. கதை காட்டியதோ வேறு. விளையாட்டு ஒரு பெண்ணைக் கொல்லும் அளவுக்கு விஷமாகும்படி அதற்கு முன்பே வழக்கமும் வரதக்ஷிணையும் பாங்கி முறிவும் சேர்ந்து தயார்செய்து வைத்திருந்தன. உபதேசம் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வாலிபனின் குறும்பின்மேல் பழியைப் போடுகிறது. கதாசிரியர் ஐயர் கண்டதை நீதிபோதகர் ஐயர் மூடிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த மூடலும் சரித்திரச் சான்றுதான்: 1915-இல் ஒரு தேசபக்தர், புரட்சிக்காரர் என்றே பெயரெடுத்தவர், எதுவரை சொல்லத் துணிந்தார், எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதை அது காட்டுகிறது.

பொன்னகரத்தின் குழாயடி

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1934-இல் ‘மணிக்கொடி’யில் வந்த ‘பொன்னகரம்’ உபதேசத்துக்குப் பதிலாக ஏச்சில் முடிகிறது. கற்பு, கற்பு என்று ஓயாமல் பேசுகிறவர்களை நோக்கி, இதுதான் ஐயா உங்கள் பொன்னகரம் என்ற பொருள்பட ஆசிரியர் திரும்பிக் குத்துகிறார். யாரை நோக்கி? கதைக்குள் அப்படிப் பேசுகிறவர் ஒருவருமில்லை. ஆகவே அந்தக் கடைசி வாக்கியம் கதைச் சுவரைத் தாண்டி, இதழைக் கையில் பிடித்திருக்கும் மனிதனின் முகத்துக்கு நேரே வருகிறது.

அந்த மனிதன் எந்தப் பேச்சுக்களின் நடுவில் உட்கார்ந்திருந்தான் என்பதை நினைவுகூர்வது அவசியம். கற்பு என்ற சொல் அப்போது மேடைகளில் கொதித்துக்கொண்டிருந்தது. ஈரோட்டிலிருந்து 1925 முதல் வெளிவந்த ‘குடி அரசு’ இதழில் பெரியார், ஆணுக்கில்லாத கற்பைப் பெண்ணுக்கு மட்டும் விதிப்பதைத் தாக்கி எழுதினார். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி சட்டசபையில் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930-இல் அமலுக்கு வந்தபோது, தர்மம் போயிற்று என்று கூக்குரலிட்ட கூட்டமும் இருந்தது. தேசியத் தரப்பிலோ தமிழ்ப் பெண்ணின் கற்பு பாரத மாதாவின் கற்புக்கு உவமானமாயிற்று. எதிரும் புதிருமான இத்தனை கட்சியாரும் கற்பை ஒரு கொள்கையாக எடுத்துப் பேசினார்கள். புதுமைப்பித்தன் அதை ஒரு கணக்காக எழுதினார். ஒரு பக்கம் பால் கஞ்சி. மறுபக்கம் முக்கால் ரூபாய்.

கணக்கின் மற்ற இனங்களைக் கவனியுங்கள். கதையின் பெரும்பகுதி அம்மாளுவைப் பற்றியதே அல்ல: நெருங்கிய சந்துகள், ரயில் பாதை, ஓடும் வண்டியைப் பார்த்து இங்கிலீஷில் சலாம் சொல்லும் பிள்ளைகள், மில், கள், ஜட்கா வண்டி. அவள் புருஷன் முருகேசன் வண்டிக்காரன். மப்பில் வண்டியை முடுக்கிக் குடைசாய்த்துக்கொண்டு படுக்கையில் விழுகிறான். இந்த இனங்களில் எதையும் ஆசிரியர் தனியாக எடுத்து இதுதான் காரணம் என்று கைகாட்டவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்திருந்தால் அவள் அந்த இருட்டுக்குப் போயிருக்க வேண்டாம். மில் கூலி போதுமானதாக இருந்திருந்தால் போயிருக்க வேண்டாம். வண்டிக்காரன் குடிக்காதிருந்தால் போயிருக்க வேண்டாம். நகரத்தின் வரைபடமே அவளைப் படிப்படியாகக் குழாயடிக்கு நடத்திக்கொண்டு போகிறது. அதனால்தான் முடிவு எதிர்பாராததாகவும், எதிர்பார்த்திருக்க வேண்டியதாகவும் ஒரே சமயத்தில் தோன்றுகிறது.

தறிக்கார அம்மாளின் கேள்விக்கு இப்போது திரும்பலாம். கதை, சம்பாதித்ததோடு நிற்கிறது. கஞ்சி வார்த்ததை நாம் பார்ப்பதில்லை. பால் எங்கிருந்து வந்தது என்று முருகேசன் கேட்பானா? கேட்க மாட்டான் என்றே நான் நினைக்கிறேன். கேட்டால் குடிக்க முடியாது. அவன் கேளாமல் குடிக்கப்போகும் அந்தக் கஞ்சியில்தான் கதையின் உண்மையான இருட்டு இருக்கிறது; அச்சான கடைசி வரி வாசகனைத் திட்டுவதில் முனைந்து அந்த இருட்டைச் சற்றே தாண்டிப் போய்விடுகிறதோ என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. புதுமைப்பித்தனைக் குறைசொன்னால் அடிக்க வருபவர்கள் நம்மிடையே அதிகம். ஆயினும் வாழ்நாள் முழுதும் கூலிக் காசை எண்ணிக் குடும்பம் நடத்திய ஒருவரின் காதுக்கு, அந்த ஏச்சைவிட அதன் பின்னாலிருந்த மௌனமே உரக்கக் கேட்டது என்பதை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும்.

ஈரோட்டுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில்

இந்த விஷயத்தை எங்கள் சமவெளியில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. சங்ககிரிக்கு ஒரு பக்கம் ஈரோடு. இன்னொரு பக்கம் திருச்செங்கோடு. ‘குடி அரசு’ முன்னதில் அச்சாயிற்று என்றால், பின்னதற்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்துதான் 1929-இல், மதுவிலக்கு ஒன்றையே விரதமாகக் கொண்ட ‘விமோசனம்’ என்ற மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. துணைக்கு வந்தவர் கல்கி. பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று என்றாலும், குடியால் குலைந்த குடும்பம் என்ற கதைச் சட்டகம் தமிழில் வேரூன்ற அது காரணமாயிற்று. ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ அந்தச் சட்டகத்தின் மிகத் தீவிரமான உருவம். கள்ளினால் ஒரு கிராமத்துத் தம்பதியின் வாழ்வு சிதைவதைச் சொல்லும் அக்கதையை 1974-இல் சிங்கீதம் ஸ்ரீநிவாச ராவ் படமாகவும் எடுத்தார்.

மதுவிலக்குக் கதைக்கும் ‘பொன்னகர’த்துக்கும் கதைமாந்தர் ஒரே ஜோடிதான்: குடிக்கும் புருஷன், விலை கொடுக்கும் மனைவி. ஆனால் மதுவிலக்குக் கதையில் திருப்பம் இருக்க முடியாது. முதல் மொந்தையிலேயே கடைசி வரி எழுதப்பட்டுவிடுகிறது. முடிவு எவ்வளவு இருண்டிருந்தாலும் அது நிரூபணமாக வருகிறதே ஒழிய அதிர்ச்சியாக வருவதில்லை. காரணம் ஒன்று என்று வரையறுத்துவிட்டால் கதை பிரசாரமாகிறது. காரணங்கள் பலவாகி, எதன் கழுத்தைப் பிடிப்பதென்று தெரியாமல் வாசகன் திகைக்கும்போதுதான் இருண்ட முடிவு உள்ளே இறங்குகிறது.

பிரசாரக் கதைகளை நான் இகழவில்லை. அவற்றின் பின்னால் கண்கூடான துயரம் இருந்தது. பெரியார் காங்கிரஸில் இருந்த காலத்தில் சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்கு எதிராக வெட்டிச் சாய்த்தார். அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் ஈரோட்டுக் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்தினார்; அன்று சங்ககிரியும் திருச்செங்கோடும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. ஒரு சிறு பத்திரிகையின் கதைச் சட்டகம் எட்டு வருஷத்தில் அரசாங்க உத்தரவாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது. கள் வரும்படி போனதன் நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. நாம் இன்று பல்பொடிக்கும் கொடுக்கும் வரியின் ஆதிமூலம் எங்களூர்ப் பனைமரத்தில் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்தப் பனைமரத்தில் எழுதப்படாத ஒரு கதை தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் பதநீரைத் தெளுவு என்போம். மரத்தில் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது தெளுவு. தடவாவிட்டால் அதே பாளையின் அதே சொட்டு, விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். 1937-க்குப் பிறகு ஒரு மரமேறி குற்றவாளியா அல்லவா என்பதை ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு தீர்மானித்தது. கள்ளுக்கடையால் அழிந்த மனைவியைப் பற்றிப் பல கதைகள் எழுதப்பட்டன. கள்ளுக்கடை மூடியதால் தொழிலிழந்து இடுப்பு நாரைச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்த மரமேறியின் வீட்டுக் கஞ்சிப் பானையை எட்டிப்பார்த்தவர்கள் மிகக் குறைவு. அப்படியொரு கதையைப் புதுமைப்பித்தனின் கையில் கொடுத்திருந்தால் முடிவு எங்கே போய் நின்றிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

முடிவு தெரிந்த கதைகள்

ஆச்சரியம் வேறு, அதிர்ச்சி வேறு என்பதற்கு எங்கள் மண்ணில் பழைய சாட்சி இருக்கிறது. தீரன் சின்னமலை 1805 ஆடியில் இந்தச் சங்ககிரிக் கோட்டையில்தான் தூக்கிலிடப்பட்டார். சமையற்காரனே காட்டிக்கொடுத்தான் என்பது இங்குள்ள வழக்கு. கதையைக் கேட்க உட்காரும் குழந்தைக்குக்கூட அது தெரியும். இருந்தும், சமையற்காரன் சோறு போடும் இடம் வரும்போது பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடும். உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையிலும் அப்படித்தான்: படுகளத்தில் பொன்னரும் சங்கரும் விழப்போகிறார்கள் என்பதை அறியாதவர் எவருமில்லை; அந்தக் கட்டம் வந்ததும் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் தாமே மூர்ச்சையாகி விழுவார்கள். சோறு போட்ட கை காட்டிக்கொடுக்கலாம், பங்காளிப் பகை குலத்தை அறுக்கலாம் என்பவை கேட்பவர்களின் சொந்த வீட்டு பயங்கள்; அதனால் முடிவு தெரிந்திருப்பது அதன் வேகத்தைக் கொஞ்சமும் குறைப்பதில்லை.

சுஜாதாவின் ‘நகரம்’ அச்சுக் கதையாக இருந்தும் இந்த மரபைச் சேர்ந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மகளைக் கொண்டுவந்த தாய், சீட்டுக்கும் கவுண்டருக்கும் நடுவே அலைந்து, நாளைக்கு வா என்ற சொல்லோடு ஊர் திரும்புகிறாள். பெண்ணுக்கு மூளைக்காய்ச்சல் என்பது வாசகருக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. அவள் கோயிலுக்குக் காசு நேர்ந்துகொள்வதோடு கதை முடிகிறது. சாவு எழுதப்படவேயில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு முறையாவது சீட்டோடு நின்றவர்களுக்கு அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை.

ஓர் ஆக்ஷேபம்

இவ்வளவு தூரம் வந்தபின் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: அடிக்குறிப்பு இருந்தால்தான் அடிவிழும் என்றால் அது கலையின் பலவீனமல்லவா? சிறந்த கதை எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் தானே நிற்க வேண்டாமா?

இந்த ஆக்ஷேபத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய கதை ஷெர்லி ஜாக்ஸனின் ‘லாட்டரி’. 1948 ஜூனில் ‘நியூயார்க்கர்’ வெளியிட்ட அந்தக் கதையில் ஊருக்குப் பெயரில்லை, ஆண்டில்லை. ஒரு கிராமம் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறது. சூழலே இல்லாத கதை என்று தோன்றும். ஆனால் வெளியானதும் வாசகர்களிடமிருந்து நூற்றுக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. இத்தகைய சீட்டுக் குலுக்கல் எங்கே நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாமா என்றுகூடச் சிலர் கேட்டார்களாம். ஐரோப்பாவில் சாதாரண ஊர் ஜனங்கள் அக்கம்பக்கத்தாரைக் கொலைக்கூடத்துக்கு அனுப்பிய செய்திகள் உலகுக்குத் தெரிந்து மூன்றே வருஷமான நேரம் அது. பெயர் சொல்லாத ஊருக்கு வாசகர்களே பெயர் தேடினார்கள் என்பது, சூழல் கதையில் எழுதப்படாவிட்டால் வாசிப்பவர் கையோடு கொண்டுவருவார் என்பதற்கே அத்தாட்சி.

மாறாக ஸாதத் ஹஸன் மண்டோவின் ‘கோல் தோ’ தன் சூழலை ஒருபோதும் உதற முடியாத கதை. பிரிவினைக் கலவரத்தில் தொலைந்த மகளைத் தேடும் கிழவர், உதவிக்கு வரும் தொண்டர்கள், கடைசியில் டாக்டர் ஜன்னலைத் திறக்கச் சொல்லும் ஒரு வார்த்தை, அதைக் கேட்ட அந்தப் பெண்ணின் கை அனிச்சையாகச் செய்யும் காரியம். இதன் அதிர்ச்சி இரண்டு படி கொண்டது. கொடுமை நடந்திருக்கிறது என்பது முதற்படி. அதை எந்த இலக்கிய அறிவும் இல்லாதவர்கூட ஏறுவார். செய்தவர்கள் எதிரிகள் அல்லர், அவளை மீட்கப் போன சொந்த இனத்து வாலிபர்கள் என்பது இரண்டாம் படி. எல்லையின் இருபுறமும் எல்லாப் பழியும் மற்றவன்மேல் போடப்பட்ட 1948-ஐ அறியாதவர் அதில் கால் வைக்க இயலாது. அந்தக் கதையை வெளியிட்ட ‘நகூஷ்’ இதழை அரசாங்கம் ஆறு மாதம் நிறுத்திவைத்தது. இரண்டாம் படி எங்கே இருக்கிறது என்பது அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முடிவும் சமூகமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட சம்பவம் எங்கள் அருகிலேயே நடந்தது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவை மையமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தபோது, அதன் நாயகன் காளி என்ன ஆனான் என்பதைச் சொல்லாமல் முடிந்தது. 2014-இல் ஆசிரியர் இரு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாய’னில் காளி இறந்துவிடுகிறான், ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொள்கிறான். இப்படி ஒரு முடிவுக்கு இரு கதவுகள் வைத்த எழுத்தாளரே, அந்நாவலுக்கெதிரான கிளர்ச்சியால் 2015 ஜனவரியில் தம் எழுத்து வாழ்வுக்கே முற்றுப்புள்ளி வைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகே அவர் மீண்டும் எழுதலானார். நாவல் என்பதால் அது என் விஷயத்துக்குச் சற்று அப்பாற்பட்டது. ஆனாலும், சூழல் என்பது புத்தகத்தின் பின்புறம் தொங்கும் சித்திரப்படுதா என்று இன்னமும் நினைப்பவர்கள் அந்த ஒன்றரை வருஷத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆக்ஷேபத்துக்கு என் விடை இதுதான். அடிக்குறிப்பில்லாமலே ‘பொன்னகரம்’ வாசகனைத் தொடும். எங்கள் அறையில் சிரித்த பிள்ளையையும் அது தொட்டது. ஆனால் எங்கே தொட்டது என்பதில்தான் வழக்கு. தறிக்கார அம்மாளின் கேள்விக்குப் பிறகு அவன் அந்தக் கதையை மறுபடி ஒரு முறை தானே உரக்க வாசித்தான். இந்தத் தடவை முக்கால் ரூபாய் வந்த இடத்தில் அவன் குரல் நிற்கவில்லை, பால் கஞ்சி வந்த இடத்தில் நின்றது.

மறுபதிப்புச் செய்கிறவர்களிடமும் பாடநூல் தொகுக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கதைகளை ஆண்டும் இதழும் இல்லாமல் அச்சிட்டுத் தள்ளும் மலிவுப் பதிப்புகளே எங்கள் கைக்கு அதிகமாக வருகின்றன. அன்றைக்கு நாங்கள் வாசித்த பிரதியிலும் 1934 என்ற எண் எங்கும் இல்லை. ஒவ்வொரு கதையின் அடியிலும் அது முதலில் வெளிவந்த ஆண்டையும் இதழையும் போடுங்கள். அதற்கு அரை வரி இடம் போதும்.